மேசை மீது கிடக்கும் அமானிதங்கள்

ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு மேசை இருக்கிறது. பிள்ளைகள் படிப்பதற்கென்று வாங்கியதாக இருக்கலாம். கடைக்கணக்கு எழுதுவதற்காகப் பாட்டனார் காலத்தில் செய்யப்பட்ட தேக்கு மேசையாக இருக்கலாம். வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் மகனுக்காக அண்மையில் வாங்கப்பட்ட கணினி மேசையாகவும் இருக்கலாம். தொடக்கம் எதுவாயினும் சில ஆண்டுகளில் எல்லா மேசைகளும் ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன. மின்கட்டண ரசீது, மருத்துவரின் சீட்டு, சென்ற மாதத் திருமண அழைப்பிதழ், மை தீர்ந்த பேனாக்கள், எந்தக் கைபேசிக்கு உரியது என்று எவருக்கும் தெரியாத சார்ஜர், பள்ளியிலிருந்து வந்த கடிதம், அதன் மேல் ஒரு தேநீர்க் கோப்பை. எழுதுவதற்கு ஒரு முழ இடம் வேண்டுமானால் இரண்டு கைகளாலும் ஒதுக்கித்தான் இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இதை அழகு பற்றிய பிரச்சினையாக மட்டும் நாம் எண்ணிக்கொள்கிறோம். விருந்தினர் வருகிறார்கள் என்றதும் குவியலை அப்படியே அள்ளிப் பீரோவுக்குள் திணித்துவிட்டு, மேசை துப்புரவாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். அதன் உண்மையான விலை தெரியவரும் நாள் வேறு. நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது பழைய பரிசோதனை அறிக்கை கிடைக்காத நாள். விசாவுக்குக் கெடு முடியும் வேளையில் கடவுச்சீட்டைத் தேடும் நாள். குடும்பத் தலைவர் கண்மூடிய பின், அவர் யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் விழிக்கும் நாள். அந்த நாள் வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

குவியல் ஏன் உண்டாகிறது?

சோம்பலே குவியலுக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். ஆய்வாளர்கள் கண்டது சற்று வேறுபட்டது. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் மலோன் என்பார் அலுவலகப் பணியாளர்கள் தம் மேசைகளை எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்பதை நேரில் கேட்டறிந்து 1983-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காகிதங்களைக் கோப்புகளில் அடுக்குவோர், குவியலாக வைப்போர் என்ற இரு வழிகளையும் அவர் அதில் விளக்கினார். மேசை மீது ஒரு காகிதம் கிடப்பதற்குக் காரணம், அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்து வேலையை நினைவூட்ட வேண்டும் என்பதே. கோப்பில் வைத்தால் மறந்துவிடுவோமோ என்ற அச்சமும், எந்தக் கோப்பில் வைப்பது என்ற குழப்பமும் சேர்ந்துதான் குவியலை வளர்க்கின்றன.

ஆகவே, மேசை மீதுள்ள ஒவ்வொரு காகிதமும் நாம் ஒத்திப்போட்ட ஒரு முடிவு. பத்துக் காகிதங்கள் இருந்தால் அவை நினைவூட்டும். நூறு சேர்ந்துவிட்டால் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு எதையும் நினைவூட்டாமல் போய்விடும். எந்த நோக்கத்திற்காகக் குவியல் தொடங்கியதோ, அந்த நோக்கத்தையே அது வளர வளர அழித்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனுக்குடன் கோப்பில் அடுக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. ஸ்டீவ் விட்டேக்கர், ஜூலியா ஹிர்ஷ்பெர்க் என்ற இருவர் ஓர் ஆய்வுக்கூடம் இடம் மாறிய வேளையில் அங்குப் பணியாற்றியோரின் காகிதங்களை ஆராய்ந்து 2001-இல் எழுதினர். வந்ததையெல்லாம் உடனே கோப்பில் போட்டவர்களிடம்தான் அதிகக் காகிதம் சேர்ந்திருந்தது. அவற்றை அவர்கள் எடுத்துப் பார்த்ததோ குறைவு. தேவையற்றதையும் ஒழுங்காக அடுக்கி வைப்பது, குப்பைக்குப் பெயர் எழுதி ஒட்டி வைப்பதற்கு ஒப்பாகும். கழிப்பது முதல் வேலை. அடுக்குவது இரண்டாவது வேலை. இந்த வரிசை மாறினால் உழைப்பெல்லாம் வீண்.

கலைந்த மேசைக்கும் வழக்கறிஞர்கள் உண்டு

மேசையைத் துப்புரவு செய்யச் சொன்னால், "பெரிய அறிஞர்களின் மேசையெல்லாம் இப்படித்தான் இருந்தது" என்று விடை கூறும் இளைஞர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கூற்றிலும் சிறிது உண்மை இருக்கிறது. அறிவியலறிஞர் ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 18 அன்று மறைந்த நாளில் பிரின்ஸ்டனிலுள்ள அவரது அலுவலக அறையை ரால்ஃப் மோர்ஸ் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். தாள்களும் இதழ்களும் இறைந்து கிடக்கும் அந்த மேசை உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1928-இல் விடுமுறை கழிந்து இலண்டனிலுள்ள தம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், கழுவாமல் விட்டுச் சென்றிருந்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்றில் பூஞ்சை படர்ந்திருக்கக் கண்டார். பெனிசிலின் மருந்தின் வரலாறு அங்குத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் வோஸ் என்ற பேராசிரியை தம் குழுவினருடன் 2013-இல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். கலைந்த அறையில் அமர்ந்தவர்கள், சிறு பந்து ஒன்றை எவ்வகைகளில் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது புதுமையான விடைகளைத் தந்தனர். ஒழுங்கான அறையில் அமர்ந்தவர்களோ தருமத்திற்கு அதிகமாகக் கொடுத்தனர். தின்பதற்கு இனிப்பை விட்டு ஆப்பிளைத் தேர்ந்தெடுத்தோரும் அவர்களிடையேதான் மிகுதி. இரண்டுக்கும் அதனதன் பயன் உண்டு என்பதே அவர்கள் கண்ட முடிவு.

நம் இல்லத்து மேசை எதற்கு இருக்கிறது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். கவிதையோ ஓவியமோ ஆராய்ச்சியோ நிகழும் மேசை சற்றுக் கலைந்திருந்தால் குற்றமில்லை. கட்டணம் செலுத்தவும், கணக்கு எழுதவும், சான்றுகளைப் பாதுகாக்கவும் உள்ள மேசையில் புதுமைக்கு வேலையில்லை; தவறாமைக்கே வேலை. மேலும், கண்ணெதிரே பல பொருள்கள் ஒருங்கே இருக்கும்போது அவை மூளையின் கவனத்திற்காக ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எடுத்துக்காட்டியுள்ளனர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை மீது வேறெதுவும் இருக்கலாகாது என்று பெரியோர் சொல்லிவந்ததில் பொருள் இருக்கத்தான் செய்கிறது.

பாயை விரியுங்கள்

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பணியிடத்தைச் சீர்செய்வதற்கு ஐந்து சொற்களை ஒரு சூத்திரம் போல் சொல்வார்கள்: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததை நீக்குதல், வேண்டியதற்கு இடம் வகுத்தல், துடைத்தல், அதை நிலையான முறையாக்குதல், முறையைப் பழக்கமாகக் கடைப்பிடித்தல் என்பன முறையே அவற்றின் பொருள். நீக்குதல் முதலில் வருவதைக் கவனியுங்கள். இந்த ஐந்தும் நம் வீட்டு மேசைக்கும் பொருந்தும்.

விடுமுறை நாளொன்றில் காலையில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தரையில் ஒரு பாயை விரித்து, மேசை மீதும் இழுப்பறைகளிலும் உள்ள எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அதன் மேல் வையுங்கள். காலியான மேசையை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பிறகு, பாயிலுள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு முறை கையில் எடுத்து, கீழ்க்கண்ட நான்கில் ஒன்றில் சேருங்கள்.

1. செய்ய வேண்டியவை: செலுத்தாத கட்டணம், விடை எழுதாத கடிதம், நிரப்பாத விண்ணப்பம்.

2. காக்க வேண்டியவை: பத்திரங்கள், சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கைகள், உத்தரவாத அட்டைகள்.

3. பிறரிடம் சேர வேண்டியவை: இரவல் வாங்கிய நூல், பள்ளிவாசல் சந்தா ரசீதுப் புத்தகம், அண்டை வீட்டாரின் கடிதம், நண்பர் நகலெடுக்கத் தந்த சான்றிதழ்.

4. கழிக்க வேண்டியவை: மற்றவை யாவும்.

எடுத்த பொருளை முடிவு செய்யாமல் மீண்டும் பாயில் வைப்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். உண்மையிலேயே முடிவு செய்ய இயலாதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, அன்றைய தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். ஆறு மாதம் அதைத் திறக்கத் தேவை ஏற்படாவிட்டால் முடிவு தானாகவே கிடைத்துவிடும்.

மூன்றாவது குவியலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது நாம் எண்ணுவதைவிடப் பெரிதாக இருக்கும். நம்முடைய பொருள் நம் மேசையில் தொலைந்தால் நட்டம் நமக்கு. பிறருடைய பொருள் தொலைந்தால் அது அமானிதத்தில் நேர்ந்த குறை. வேலைக்காக ஒருவர் தந்த மூலச் சான்றிதழ் நம் மேசையில் நான்கு மாதம் கிடந்தால், அந்த நான்கு மாதமும் அவருடைய வாழ்விலிருந்து கழிகிறது. பாயை மடிக்குமுன், இந்தக் குவியலில் உள்ளவற்றை அன்றைய தினமே உரியவரிடம் சேர்ப்பிக்கத் தொடங்கிவிடுங்கள். மற்ற மூன்றும் காத்திருக்கலாம்.

கழிப்பதிலும் கவனம்

நம் இல்லங்களில் காகிதம் சேர்வதற்குப் பிற வீடுகளில் இல்லாத ஒரு காரணமும் உண்டு. திருமண அழைப்பிதழ், நாட்காட்டி, மதரஸா ஆண்டறிக்கை, இதழ்கள் ஆகியவற்றில் இறைவனின் திருநாமமோ திருமறை வசனமோ அச்சாகியிருக்கும். அவற்றைக் குப்பையில் போட மனம் இடந்தராது. எங்கே வைப்பதென்றும் தெரியாது. எனவே அலமாரியின் மேல்தட்டு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகும். இறுதியில் அவை கறையானுக்கு இரையாகின்றன. மரியாதைக்காக வைத்தது மரியாதைக் குறைவில் முடிகிறது.

இதற்கு மார்க்க அறிஞர்கள் காட்டும் வழிகள் உள்ளன. தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பது ஒன்று, எரித்துவிடுவது மற்றொன்று. திருக்குர்ஆன் பிரதிகளை ஒழுங்குபடுத்தியபோது, மற்றப் பிரதிகளை எரித்துவிடுமாறு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. இத்தகைய தாள்களுக்கென்று தனியே ஒரு துணிப்பை வைத்துக்கொண்டு, அது நிறைந்ததும் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கலந்து முறைப்படி அகற்றிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சிடுவோர் வசனங்களைத் தவிர்த்துவிட்டால் இந்தச் சுமை பாதியாகக் குறையும் என்பதையும் திருமண வீட்டார் சிந்திக்கலாம்.

கழிக்கும் காகிதங்களில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. பழைய தாள் கடைக்குப் போகும் காகிதம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல் கையில் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆதார் அட்டை நகல், வங்கிக் கணக்குத் தாள், கடவுச்சீட்டு நகல், புகைப்படம் ஒட்டிய விண்ணப்பம் ஆகியவற்றை எண்களும் பெயரும் படிக்க இயலாதவாறு சிறு துண்டுகளாகக் கிழித்த பின்னரே கழிக்க வேண்டும். இனிமேல் எவருக்கேனும் நகல் கொடுக்கும்போது, இன்ன காரியத்திற்காக இன்ன தேதியில் கொடுக்கப்பட்டது என்று அதன் மேல் எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்த நகல் வேறு வழியில் பயன்படுவதை இது ஓரளவேனும் தடுக்கும்.

எதை எவ்வளவு காலம் வைப்பது?

எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதற்கு அடிப்படை அச்சம். எதைக் கழிக்கலாம் என்ற அறிவு இருந்தால் அந்த அச்சம் நீங்கும்.

ஆயுள் முழுவதும் காக்க வேண்டியவை: பிறப்பு, இறப்புச் சான்றுகள், கல்விச் சான்றுகள், நிகாஹ் பதிவும் திருமணப் பதிவுச் சான்றும், சொத்தின் மூலப்பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும், பட்டா, வில்லங்கச் சான்று, கடன் முடிந்ததற்கான கடிதம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாச் சமயத்தாரும் திருமணத்தை அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். ஜமாஅத் தஃப்தரில் எழுதியதோடு நின்றுவிடாமல் அரசுச் சான்றையும் பெற்று, இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள்.

பிறப்புச் சான்றின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் அச்சான்றே ஆதாரம். அதில் பெயரின் எழுத்து பிழையாக இருந்தால், குழந்தை சிறியதாக இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. அப்துல் காதர் என்ற ஒரே பெயர் ஒரு சான்றில் ஒன்றாகவும் மற்றொன்றில் இரண்டாகவும் எழுதப்பட்டு, பின்னாளில் கடவுச்சீட்டு அலுவலகத்தில் எத்தனை நடை நடக்க வைக்கும் என்பதை நம்மவர் அறிவர்.

வீட்டுக்கடன் முடிந்தவர்கள் மூலப்பத்திரத்தைக் கேட்டுப் பெறத் தவறக் கூடாது. கடன் முழுதும் அடைபட்ட 30 நாள்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், தங்கள் பக்கத் தாமதத்தால் தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. மூலப்பத்திரம் தொலைந்துபோனாலோ காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம், சான்றிட்ட நகல் என்று அலைச்சல் தொடரும்.

சில ஆண்டுகள் காக்க வேண்டியவை: வீட்டுச் சாதனங்களின் விற்பனை ரசீதும் உத்தரவாத அட்டையும். குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, முறையீட்டுக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக் காலம் உண்டு. ஆனால் இப்போது கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாளில் அச்சிடப்படுபவை. அவை சில மாதங்களில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்தோ படமெடுத்தோ வைக்காவிட்டால், தேவைப்படும் நாளில் வெற்றுத் தாளே கையில் இருக்கும்.

மருத்துவத் தாள்களைக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பாகத் தேதி வரிசையில் அடுக்குங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகையில் தரும் சுருக்கக் குறிப்பும், ஒவ்வாத மருந்துகளின் பெயரும் கோப்பின் முகப்பிலேயே இருக்கட்டும். மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கப் பெரும்பாலும் தேவையில்லை. வரி தொடர்பானவற்றைக் கணக்காயரைக் கேட்ட பின்னரே கழியுங்கள்.

பாதுகாக்கும் முறையும் முக்கியம். பத்திரங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னர் அவற்றில் முத்திரையிடவோ, உண்மைத் தன்மையைச் சோதிக்கவோ இடையூறாகும். ரப்பர் வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும், குண்டூசி துருவேறும், ஒட்டுநாடா மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். தடித்த காகித உறைகளும், ஈரம் புகாத பெட்டியும் போதும். நிலத்தோடு ஒட்டிய அலமாரித் தட்டில் வைக்காதீர்கள். மழை வெள்ளம் முதலில் தொடுவது அதையே.

அன்றாடக் காகிதங்களுக்கு ஓர் எளிய முறை

ஜப்பானியப் பொருளியலறிஞர் யுகியோ நொகுச்சி 1993-இல் எழுதிய நூலில் விளக்கிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு காரியத்தின் தாள்களையும் ஒரு பெரிய உறையில் இட்டு, விளிம்பில் பெயரும் தேதியும் எழுதி, நூல்களைப் போல் அலமாரியில் நிறுத்தி வைக்க வேண்டும். புதிய உறை எப்போதும் இடக்கோடியில் இடம்பெறும். எந்த உறையை எடுத்தாலும், பார்த்து முடித்ததும் இடக்கோடியிலேயே வைக்க வேண்டும். சில மாதங்களில், அடிக்கடி பயன்படுபவை இடப்புறத்திலும், தொடாதவை வலப்புறத்திலும் தாமாகவே சேர்ந்துவிடும். வலக்கோடியில் உள்ளவற்றைப் பார்த்துக் கழித்துவிடலாம். வகைபிரிக்கும் குழப்பமே இதில் இல்லை. ஆயுட்காலச் சான்றுகளுக்கு மட்டும் இம்முறை வேண்டாம். அவற்றுக்குத் தனிப்பெட்டியே தகும்.

மேசை மீது நாள்தோறும் தொடுவது மட்டும் இருக்கட்டும்: இரண்டு பேனா, ஒரு குறிப்பேடு, ஒரு விளக்கு, 'செய்ய வேண்டியவை' என்ற ஒரு தட்டு. வாரத்திற்கொரு முறை தேவைப்படுவது இழுப்பறையில். ஆண்டுக்கொரு முறை தேவைப்படுவது அலமாரியில். வலக்கையால் எழுதுவோருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் கை நிழல் எழுத்தின் மேல் விழாது. கணினித் திரை ஒரு கை நீளத் தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பது கழுத்துக்கு நல்லது.

ஒரு பக்கப் பட்டியல்

பாக்தாத் நகரில் நூல் வாணிபம் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த இப்னு நதீம், தம் காலத்தில் அரபு மொழியில் வழங்கிய நூல்களையெல்லாம் துறைவாரியாகத் தொகுத்து ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987-988-இல், 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூலை எழுதினார். அப்பெயருக்குப் பட்டியல் என்பதே பொருள். அவர் குறித்த நூல்களில் பல பின்னாளில் அழிந்துபோயின. அவை இருந்தன என்பதை உலகம் அறிவது அவருடைய பட்டியலாலேயே.

நம் வீட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். ஒரே பக்கம் போதும். எந்தெந்த வங்கியில் கணக்கு, எந்தச் சீட்டில் பணம், காப்பீடு எது, பத்திரம் எங்கே, பெட்டகச் சாவி யாரிடம் என்பன அதில் இருக்க வேண்டும். இரகசிய எண்களை அதில் எழுத வேண்டாம். இருக்கும் இடத்தை மட்டும் எழுதினால் போதும். 10 ஆண்டுகள் எவரும் இயக்காத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய நிதிக்கு மாற்றப்படுகிறது. உரியவர்கள் பின்னரும் கேட்டுப் பெறலாம். அத்தகைய கணக்குகளைத் தேடுவதற்கென்றே 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கியது. ஆனால் தேட வேண்டும் என்பதே வாரிசுகளுக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்?

நியமனதாரர் பெயரை எழுதிவிட்டோம் என்று இருந்துவிடவும் கூடாது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி, வாரிசுரிமைச் சட்டத்தை மீறி அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நிறுவனப் பங்குகள் குறித்த வழக்கொன்றில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஷரீஅத் வகுத்த பங்கின்படி பிரிக்கப்படும் வரை அப்பணம் அவர் கையில் ஓர் அமானிதம். தாய்க்கும், மனைவிக்கும், பெண்மக்களுக்கும் உரிய பங்கு காகிதம் கிடைக்காத காரணத்தால் மறைந்துபோனால், அதற்கு மேசைக்கு உரியவரும் பொறுப்பாளியே.

பட்டியலின் பின்பக்கத்தில் கடன்களை எழுதுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, செலுத்தாமல் நிற்கும் மஹர் ஆகிய மூன்றும் தேதியுடன் அதில் இருக்கட்டும். மஹரும் கடனே என்பதை மறந்துவிடுகிறோம். சொத்தைப் பங்கிடுமுன் அடைக்கப்பட வேண்டியவை இவை. எழுத்தில் இல்லாவிட்டால் கடன் கொடுத்தவரின் வாய்ச்சொல்லுக்கும் வாரிசுகளின் ஐயத்துக்கும் இடையே உறவுகள் முறியும்.

இப்பட்டியலை வீட்டில் இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பொருளீட்ட, ஊரிலுள்ள பெண்களே வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் சென்றுவரும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மேசை ஆணுடையது, அலைச்சல் பெண்ணுடையது என்ற நிலை நீதியன்று. எது எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கும் வளர்ந்த மக்களுக்கும் காட்டிவிட்டே விமானம் ஏறுங்கள். சான்றுகளின் படத்தைக் கைபேசியிலும், அரசின் 'டிஜிலாக்கர்' சேவையிலும் வைத்துக்கொள்வது தொலைவிலிருப்போருக்குப் பேருதவி. ஆனால் கைபேசியிலும் குவியல் உண்டு. எடுத்த படத்திற்கு அன்றே பெயரும் தேதியும் இடாவிட்டால், ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே அதுவும் தொலையும்.

பழக்கமே பாதுகாப்பு

ஒருநாள் உழைப்பால் சீரான மேசை ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பாமலிருக்க மூன்று பழக்கங்கள் போதும். வந்த தபாலைக் குப்பைக்கூடையின் அருகில் நின்றே பிரியுங்கள். பாதிக்கு மேல் மேசையை எட்டவே எட்டாது. இரவில் படுக்கைக்குச் செல்லுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்று மேசைக்கு வந்தவற்றை அதனதன் இடத்தில் சேருங்கள். ஆண்டுக்கொரு முறை முழுமையாகச் சரிபாருங்கள். இதற்கு நமக்கென்றே ஒரு நாள் அமைந்திருக்கிறது. ஜகாத் கணக்கிடும் நாளில் நகை, வைப்பு, வரவு, கடன் எல்லாவற்றின் தாள்களையும் எப்படியும் வெளியே எடுக்கிறோம். அவற்றை உள்ளே வைக்குமுன் பட்டியலைப் புதுப்பித்து, காலம் கடந்தவற்றைக் கழித்துவிட்டால் ஒரே உழைப்பில் இரு பயன்.

பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பெட்டியும் ஒரு கோப்பும் கொடுங்கள். தம் மதிப்பெண் பட்டியலைத் தாமே துளையிட்டுக் கோக்கும் பத்து வயதுச் சிறுமி, நாளை ஒரு வீட்டையோ அலுவலகத்தையோ திறம்பட நடத்தக் கற்றுக்கொள்கிறாள்.

மேசை சீராகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில், உங்கள் துணைவியாரிடம் தொலைபேசியில் வீட்டுப் பத்திரத்தையோ, மகனின் பிறப்புச் சான்றையோ, கடன் குறிப்பையோ எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அது அவர் கைக்கு வந்துவிட்டால் உங்கள் மேசை ஒழுங்காக இருக்கிறது. வராவிட்டால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேலை இன்னும் மீதமிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஒரு பக்கப் பட்டியலையேனும் எழுதிவிடுங்கள். மற்றவற்றை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.